அம்மன் மூஞ்சிக்கு விட்ட ஜன்னல்

டப்பாவுல லேபிள் ஒட்டறதெல்லாம் ஒரு வேலையான்னு சிரிக்கிறீங்க இல்ல? சிரிங்கபா, நீங்களும் எங்கியோ எதையோ ஒட்டிக்கினுதானே இருக்கீங்க! பத்தாவதுல புட்டுக்கினு நான் வந்து சேந்த எடம், பெரிய காஞ்சிபுரத்துல ராஜேஸ்வரி அக்காவோட இட்லிப் பொடி கம்பெனி. சிங்கப்பூர்லேந்து மொத ஆர்டர் வந்துது. அது கப்பல் ஏறலன்னா கம்பெனிய மூடிட்டு, பொடி இடிக்கிற பொம்பளைங்கள வூட்டுக்கு அனுப்பணும். அப்பிடி ஒரு நெலம.

பெருங்காயத்துக்கு மரியாதை

ஆர்டர் புடிச்சுக் குடுத்த மெட்ராஸ் ஏஜெண்டு அந்த ஊர் ரூலச் சொன்னாரு: பொடில இருக்கிற சாமான் அத்தினியும் இங்கிலீஷ்ல போடணும், எது எடை ஜாஸ்தியோ அது மொதல்ல. நான் உளுந்து, மொளகா, எள்ளு, உப்புன்னு எழுதிக்கினே போயி கடைசில பெருங்காயம்னேன். அக்காவுக்கு வந்துது பாருங்க கோவம்!

"கடைசிலயா? அது இன்னா, பந்தில கூப்பிடாம வந்து ஒக்காந்த ஆளா?"

ரூலு அதான் அக்கா, எடை கம்மி இல்ல, அப்பிடின்னேன். அக்கா எறங்கி வந்தாங்க.

"சரி, கடைசிலயே நிக்கட்டும். எழுத்த மட்டும் பெருசாப் போடு."

கைய கட்டிக்கினாங்க

டப்பாவெல்லாம் ரெடி. ஏஜெண்டு வந்து பாத்துட்டு தலைல கை வெச்சிக்கினாரு. முன்பக்கம் பூரா அம்மன் படம். சாமானும் எடையும் பின்னால. எல்லாம் முன்னாலதான் இருக்கணும்னு அங்க வாங்குற கடைக்காரரு சொல்லிட்டாராம், இல்லன்னா சரக்க எடுக்கவே மாட்டாராம். வெள்ளிக்கெழம கப்பல். கலர் லேபிள் திரும்ப அடிக்க நேரமில்ல. மேல ஒரு வெள்ளத் தாள ஒட்டிடலாம்னாரு.

நான் கோந்த எடுத்தேன். பொம்பளைங்க ஒருத்தி வுடாம கைய கட்டிக்கினாங்க. வேல போயிடும்னு தெரிஞ்சும்தான். மொளகா வறுக்கிற கன்னியம்மா என்ன மொறச்சிது.

"ஆத்தா மூஞ்சில கோந்து பூசிட்டு, அதே கைல சோறு துன்னுவியாடா?"

ஒடம்பு வேற, பார்டர் வேற

அக்கா பொறந்தது தறிக்கார வூட்டுல. நேரா பிரஸ்ஸுக்குப் போயி, எழுத்தெல்லாம் ஓரத்த சுத்தி வரட்டும், நடுவுல காலியா வுடுன்னு சொல்லிட்டாங்க. தாள் வந்ததும் நடுவுல கத்திரிக்கோல வெச்சு வட்டமா ஒரு ஜன்னல் வெட்டுனாங்க. ஒட்டிப் பாத்தா, சுத்தி இங்கிலீஷு, உள்ளேந்து அம்மன் மூஞ்சி எட்டிப் பாக்குது! கன்னியம்மாதான் மொதல்ல கோந்தத் தொட்டுது. நான் ஜன்னல் ஓரத்த வெரலால தடவிப் பாத்தேன், ஒட்டு எங்கன்னு. அக்கா சிரிச்சாங்க.

"ஏண்டா முழிக்கிற? பொடவைல ஒடம்பும் பார்டரும் வேற வேறயா நெய்ஞ்சு சேக்கல? அதான் இது."

ஜோரான புது லேபிள்

மொத சரக்கு அங்க வித்துப்போச்சு. அடுத்த ஆர்டருக்கு, எல்லாம் முன்பக்கமே வர்ற மாதிரி ஒழுங்கா புது லேபிள் அடிச்சு வெச்சோம். ஏஜெண்டு அதத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"ஜன்னல் எங்கம்மா? அது இல்லன்னா டூப்ளிகேட்டுன்னுடுவாங்க அங்க."

அந்த ஜன்னலுக்கு மூள அக்காவோடது, கை கன்னியம்மாவோடது. நான் கோந்து காய்ச்சினேன், அதுவும் அடிப்புடிச்சுது.