தலைக்கட்டில் சேராத வீடு

காட்டிக்கொடுத்தவள் நான்தான். அஞ்சலை அல்ல.

இந்த ஒரு வரியை நான் மலர்க்கொடியிடம் சொல்லியிருக்க வேண்டும். அவளிடம் சொல்ல நா எழாமல், முகம் அறியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் துணிவின் அளவு இதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆயினும் கடற்கரையில் எல்லோருக்கும் நான் டீச்சர். புத்தகமும் கையுமாக வருகிற பெண்ணை அவர்கள் வேறு என்னவென்று அழைப்பார்கள்?

கடலோரம் உள்ள அந்தக் குப்பத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லி நான் செய்த கேடு போதும்.

புயலுக்குப் பிறகு அங்கே எல்லாம் வந்து குவிந்தன. அரிசி வந்தது, பிளாஸ்டிக் வாளி வந்தது, யாரோ கட்டிக் களைந்த சேலைகள் மூட்டை மூட்டையாக வந்தன. படகை இழந்தவனுக்கும் வாளி. கூரையை இழந்தவளுக்கும் வாளி. எங்கள் சிறிய அறக்கட்டளையின் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். பொருள் வேண்டாம், பணமாகக் கொடுப்போம். எல்லோருக்கும் முடியாது, அதிகம் இழந்த சில வீடுகளுக்கு, பெண்களின் வங்கிக் கணக்கிலேயே செலுத்திவிடுவோம். எதற்கு என்று கேட்க வேண்டாம். தன் வீட்டில் எது உடைந்தது என்பது அவளுக்குத்தானே தெரியும் என்றேன். படித்ததெல்லாம் அன்று என் நாவில் வந்து நின்றது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது...

அந்தப் பெருமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் அனைத்தும் அதிலிருந்து முளைத்தவை.

குப்பத்திற்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து எந்த உதவி வந்தாலும் அதைக் கோயில் முன் பொதுவில் வைத்து, தலைக்கட்டுக்கு ஒரு பங்காகப் பிரிப்பார்கள். திருமணமான ஆண் உள்ள வீடு ஒரு தலைக்கட்டு. ஊருக்கு வரி கட்டுவது அதுதான். பங்கு பெறுவதும் அதுதான். இதை அநீதி என்று அவசரமாகச் சொல்லிவிடாதீர்கள். ஒரே அலையில் போய் ஒரே அலையில் திரும்பும் மக்களுக்கு, ஒருவன் மட்டும் பெற்றான் என்கிற வயிற்றெரிச்சல் புயலைவிடக் கொடியது. அந்த வழக்கம் அவர்களை எத்தனையோ சண்டைகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் மலர்க்கொடியின் வீட்டில் ஆண் இல்லை. கணவன் காய்ச்சலில் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளிக்குப் போகும் ஒரு மகள் மட்டும். ஆகவே அவளுக்கு வரியும் இல்லை, பங்கும் இல்லை. பிரித்தது போக மிஞ்சினால் இரக்கப்பட்டு ஏதேனும் கொடுப்பார்கள்.

எங்கள் பணம் வரப்போகிறது என்று நான் சொன்னபோது அவள் மகிழவில்லை. கூரை பறந்த வீட்டின் சுவரோரம் நின்று, குரலைத் தாழ்த்தி ஒன்றைத்தான் கேட்டாள்.

"டீச்சரு, ஊருக்கு இது தெரிய வேணாம். தெரிஞ்சா பொதுவுல வையின்னுவாங்க. மத்தவங்க வெச்சா பங்கா திரும்பி வரும். நா வெச்சா வெச்சதுதான்."

"யாருக்கும் தெரியாது" என்றேன்.

"பேங்குக்கு என் நாத்தனா அஞ்சல கூட வருவா. அவளுக்குத் தெரியட்டும். அப்பறம் நீங்க. அவ்ளோதான்."

அவள் நீட்டிய உள்ளங்கையில் என் கையை வைத்தேன். மீன் செதில் ஒன்று என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் பணம் என்ன செய்தது தெரியுமா? அதற்கு முன் அவள் விடியலில் தண்டல்காரரிடம் கடன் வாங்கி, கரையில் ஏலம் எடுத்து, மீனைச் சிதம்பரம் கொண்டுவந்து விற்று, மாலையில் வட்டியோடு அவரிடமே கொட்டிவிட்டு வெறும் கூடையோடு வீடு திரும்புவாள். இப்போது தன் கையில் உள்ள காசுக்கு ஏலம் கேட்டாள். ஒரு ஐஸ் பெட்டி வாங்கினாள். விற்காத மீனை அடிமாட்டு விலைக்குத் தள்ளவேண்டிய அவசரம் தீர்ந்தது. கூரைக்குத் தகரம் வந்தது. தண்டல்காரர் ஒருநாள் வழிமறித்து, "என்னா மலரு, நம்மள மறந்துட்டியா?" என்று கேட்டாராம். "மறக்க முடியுமா அண்ணே? நீங்கதான் தெனமும் வந்து ஞாபகப்படுத்துவீங்களே" என்றாளாம். அஞ்சலை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இருவரும் சேர்ந்தே சந்தைக்கு வருவார்கள். ஒரே ஷேர் ஆட்டோ, ஒரே வெற்றிலைப் பொட்டலம். அண்ணன் இறந்த பிறகும் அண்ணியை விடாமல் பற்றிக்கொண்டிருந்தவள் அஞ்சலை.

ஒருமுறை நான் போயிருந்தபோது மலர்க்கொடியின் வீட்டில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது.

"இது எதற்கு?" என்றேன்.

"நீங்க வந்தா கீழ உக்கார்றீங்க. முட்டி வலிக்குதுன்னு எந்திரிக்கறப்ப மொணவுறீங்க. எனக்குக் காது கேக்காதுன்னு நெனப்பா?"

எதற்குச் செலவு செய்தாய் என்று நாங்கள் கேட்காத பணம் அது. அதில் அவள் எனக்கு ஒரு நாற்காலி வாங்கியிருந்தாள்!

இப்போது அந்தப் பகலைச் சொல்லிவிடுகிறேன்.

பேருந்துக்காக நான் தேநீர்க்கடையில் காத்திருந்தேன். ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்களில் ஒருவரான ஏகாம்பரம் வந்து எதிர்ப் பலகையில் அமர்ந்தார். கெட்டவர் அல்ல. புயலன்று முதியவர்களைத் தோளில் சுமந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்.

"டீச்சருக்குச் சக்கர ஜாஸ்தி போடாதப்பா. ஏற்கெனவே தேனாட்டம் பேசறாங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க காசு வந்த வீட்டுக்காரங்க எல்லாம் அவுங்களே கொண்டாந்து பொதுவுல வெச்சிட்டாங்க, தெரியுமில்ல? பங்கு போட்டதுல ஒருத்தருக்கு ஒரு வார சோறு. கடல்ல கரைச்ச பெருங்காயம். அந்தக் காசால நிமிந்தவங்க யாருன்னு ஒருத்தர காட்டுங்க பாப்போம்."

கடைக்காரர் சிரித்தார். அவ்வளவுதான். ஒரு சிரிப்பு.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நானும் சிரித்துவிட்டுத் தேநீரைக் குடித்திருக்கலாம். பொறுமைசாலி என்று பெயரெடுத்தவள் ஆயிற்றே... ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய அந்தப் பெண்ணுக்கு, தன் எண்ணம் தோற்றது என்று ஒருவர் சொல்வதைப் பொறுக்க முடியவில்லை.

"ஏன் இல்லை? மலர்க்கொடியைப் பாருங்கள். யாரிடமும் கை நீட்டாமல் ஏலம் எடுக்கிறாளே, அது எப்படி?" என்றேன்.

சொல்லி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. சிந்திய பாலை நாவால் நக்கி எடுக்க முடியுமா?

ஏகாம்பரத்தின் முகத்தில் வெற்றி இல்லை, வருத்தமே இருந்தது. கண்ணாடித் தம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"அது எனக்குத் தெரியாம இருந்திருக்கலாம், டீச்சரு. இப்ப தெரிஞ்சிபோச்சி. தெரிஞ்சப்பறம் நா சும்மா இருந்தா, பொதுவுல வெச்ச மத்தவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

பிறகு, எழுந்துகொண்டே, ஆறுதலாகவே சொன்னார்: "கவலப்படாதீங்க. சொன்னவங்க பேரு சபையில வராது. அது எங்க வழக்கம்."

அப்போது என் நெஞ்சில் எழுந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? அவளுக்கு என்ன ஆகுமோ என்கிற அச்சமா? இல்லை... என் பெயர் வராது என்கிற நிம்மதி. முதலில் வந்தது அதுதான். அதை எப்படி மறைப்பேன்?

சபை கூடியது. நான் அங்கே இல்லை, கேட்டதைச் சொல்கிறேன். பணத்தைப் பொதுவில் வைக்கச் சொன்னார்கள். பணம் தகரமாகவும் பெட்டியாகவும் மாறிவிட்டிருந்தது. இருந்தாலும் வைக்க வேண்டும் என்றார்கள். மலர்க்கொடி அழவில்லையாம். "மாமா, பங்கு குடுக்கறப்ப நா ஊர்ல இல்ல. பங்கு கேக்கறப்ப மட்டும் இருக்கேனா?" என்று கேட்டாளாம்.

விடை இல்லாத கேள்வியைக் கேட்டவளை எந்தச் சபை மன்னித்திருக்கிறது? பணத்தை வைக்கும்வரை கரையில் யாரும் அவளுக்கு மீன் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள்.

சில வாரங்கள் அவள் பேருந்தேறிக் கடலூர் துறைமுகம்வரை போய் மீன் எடுத்துப் பார்த்தாள். பேருந்துக் கட்டணமும் நேரமும் இலாபத்தைத் தின்றன. ஐஸ் பெட்டியை விற்றாள். கூரைத் தகரத்தைக் கழற்றி விற்றாள். மறுபடியும் தண்டல்காரர் வாசலுக்குப் போனாள். கடைசியில் பணத்தைக் கொண்டுபோய்க் கோயில் முன் வைத்தாள். அது தலைக்கட்டுகளுக்குப் பிரிக்கப்பட்டது. அவளுக்கு, இரக்கத்தின் பேரில், ஒரு மூட்டை அரிசி.

கட்டுப்பாடு நீங்கியது. ஆனால் ஏலம் கேட்கக் கையில் ஏது முதல்? இப்போது அவள் ஒரு கொட்டகையில் கூலிக்கு இறால் உரிக்கிறாள். பள்ளியை முடித்த மகளும் கல்லூரிக்குப் போகாமல் அவள் பக்கத்திலேயே அமர்ந்து உரிக்கிறாள். என் நூலகத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி இருந்திருக்கும் என்று நான் எத்தனை நாள் கற்பனை செய்திருக்கிறேன்!

பணம் கெடுக்கவில்லை, கேளுங்கள். பணம் அவளை நிமிர்த்தியது. நிமிர்ந்தவளைச் சாட்சிக்கு இழுத்துவந்து நிறுத்தியது என் நாக்கு.

இதுகூட முழுக் குற்றம் அல்ல.

சபை முடிந்த மறுநாள் மலர்க்கொடி சிதம்பரத்தில் என் வீட்டிற்கு வந்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க. அப்ப அவதான. கூடவே இருந்து கழுத்தறுத்துட்டா. ஊர்ல அவ புருஷனும் வரி கட்றவன்தான, பங்கு வரும்ல."

நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். காப்பி கலந்தேன். பால் பொங்கும்வரை நின்றேன். சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம்... தம்ளரை அவள் கையில் கொடுத்தேன். "மனதைத் தளரவிடாதே" என்றேன். அந்தச் சொற்கள் என்னுடையவைதான். அவற்றை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

சில நாட்களில் அஞ்சலையும் வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

"அண்ணி என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. எம்புள்ள தலமேல அடிச்சி சத்தியம் பண்ணேன், நம்பல. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சரு. 'அஞ்சல அப்படிப்பட்டவ இல்ல'ன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா அண்ணி நம்பும்."

வேறு யார் சொல்லியிருப்பார்கள் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும், என்னைக் காட்டிக்கொடுக்காமல், தன்னை மட்டும் மீட்டுத்தரும்படி கேட்டாள்.

"சொல்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. அஞ்சலை இல்லை என்றால் மிஞ்சுவது நான் ஒருத்திதானே? அந்தக் கணக்கு எனக்குப் புரிந்திருந்தது.

அஞ்சலையின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தது. தாய்மாமன் இல்லாவிட்டாலும் மாமன் வீட்டுச் சீர் வரவேண்டும் என்று கடைசிவரை வழி பார்த்தார்களாம். வரவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வரவேண்டிய தட்டு அது. பந்தலில் நானும் இருந்தேன். அஞ்சலை என்னை உபசரித்து இலை போட்டு, "நல்லா சாப்பிடுங்க டீச்சரு" என்றாள். நான் சாப்பிட்டேன். ஆம், சாப்பிட்டேன்.

சென்ற மழைக்காலத்தில் மீண்டும் வெள்ளம் வந்தது. அறக்கட்டளையில் இம்முறையும் பணமாகவே கொடுப்பது என்று முடிவாயிற்று. அதுதான் சரி என்று இன்றும் நம்புகிறேன். யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துவர என்னையே அனுப்பினார்கள். மறுக்கக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், ஆகவே மறுக்கவில்லை.

மலர்க்கொடியின் வீட்டில் நீர் வடிந்திருந்தது. தகரம் இருந்த இடத்தில் தார்ப்பாய். பானைகளும் பாயும் தவிர எதுவும் இல்லை. மூலையில் மட்டும் அந்தச் சிவப்பு நாற்காலி. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவள் சிரித்தாள்.

"எல்லாத்தையும் வித்தேன். இத மட்டும் விக்கல. நீங்க வந்தா எங்க உக்காருவீங்க?"

முந்தானையால் அதன் சேற்றைத் துடைத்து என் முன் இழுத்துப் போட்டாள். பிறகு, அன்று போலவே, குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தத் தடவ அஞ்சலைக்கும் தெரிய வேணாம் டீச்சரு. உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

உள்ளங்கையை நீட்டினாள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கையை அவள் கையில் வைத்தேன்.