சைதுன்னிசா அக்காவும் காய்ச்சல் அட்டையும்

நுண்ணுயிரியல் பட்டத்தோடு, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக, தடுப்பூசி ஆய்வில் வேலைக்குச் சேர்ந்த அன்று, குளிர்பெட்டியை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி நல்லூர் பஸ் நிறுத்தத்தில் நின்றேன்.

"ஏனுங்க தம்பி, சீர்த்தட்டாட்டத் தூக்கிட்டு நிக்கிறீங்க? தோள்ல மாட்டுங்க" என்று சிரித்துக்கொண்டே வந்தவர்தான் எங்கள் களப்பணியாளர் சைதுன்னிசா அக்கா. அதற்கு முன் பதினோரு வருடம் பனியன் கம்பெனியில், தைத்த பீஸ்களில் கறை, கிழிசல் பார்த்து 'ஓகே' போடும் செக்கிங் வேலை பார்த்தவர்.

நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான புதிய தடுப்பூசி அது. இப்போதுள்ளதைவிடக் கூடுதல் வகைகளைத் தடுக்குமா, குழந்தைகளுக்குப் பாதுகாப்பானதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஊசி போட்ட பின் ஏழு நாளும் காய்ச்சல் வந்ததா என்று அன்றன்றே தாய்மார் அட்டையில் எழுத வேண்டும். அட்டையைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது அக்கா. கணினியில் ஏற்றுவது நான்.

இரண்டாவது ஊசிக்காக ஒரு வீட்டுக்குப் போனபோது குழந்தையின் தாய் நிர்மலா கேட்டார். அவரும் பனியன் கம்பெனியில் செக்கிங்தான்.

"போன தடவையாட்ட ரெண்டு நாளு காச்சலடிக்குமாக்கா?"

அக்கா பழைய அட்டையை எடுத்தார். ஏழு கட்டத்திலும் 'ஓகே'. கீழே அக்காவின் கையெழுத்து.

"காச்சல்னு ஏன் கண்ணு எழுதல?"

"ஏழாம் நாளு எல்லாத்தையும் ஒட்டுக்கா எழுதுனேங்க்கா. அதுக்குள்ள காச்சல் போயிருச்சே! கறை போன பீஸை ஓகேலதான போடுவோம்?"

வெளியே வந்ததும் நான் மெதுவாகச் சொன்னேன்: "ரெண்டே நாள்தானுங்க்கா. நாமளே அட்டையத் திருத்திரலாம்." அந்த மாதம்தான் அக்காவின் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவர் வீட்டில் சம்பளம் கொண்டுவருவது அவர் ஒருவர்தான்.

"நானும் அந்த ஓகேயப் பாத்துச் சரின்னுட்டேன் பாருங்க. பழகுன கண்ணு. இன்னும் எத்தன அட்டைல இப்படி உட்டுருக்கேனோ? நாளைக்கு ஊரு ஊராப் போடப்போற ஊசிங்க தம்பி" என்றார்.

அன்று மாலையே ஆய்வு மருத்துவரிடம் தன் தவறைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அக்கா கையெழுத்திட்ட நாற்பத்தொரு அட்டைகளுக்கும் வீடு வீடாகப் போய் மறுபடி விசாரித்தோம். இன்னும் ஆறு குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. பயப்படும்படி எதுவுமில்லை, ஆனாலும் ஏழு காய்ச்சலும் தேதியோடு பதிவாயின.

ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மட்டும் நீண்டது. கையெழுத்திடும் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் சாமளாபுரத்தில், விசைத்தறிக்காரர் வீடுகளில் அதே ஆய்வுக்கு அட்டை வாங்கி வருகிறார். சரிபார்ப்பது வேறொருவர்.