பல்லடம் வரைக்கும்

சின்ன வெங்காயத்தைக் கையால் கசக்கினால் எழும் நெடி மற்றவர்களுக்குச் சாம்பாரையோ பழைய சோற்றையோ நினைவூட்டலாம். எனக்கு அது பயத்தின் வாசனை. என் பள்ளிப் பருவத்தில், அறுபதுகளின் கடைசியில், திருப்பூரில் பல்லடம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தபோது, எங்கள் வீட்டில் வெங்காயம் குழம்புக்குச் செலவானதைவிட அம்மாவின் மூக்குக்குச் செலவானதே அதிகம். அம்மா திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிவாள், விரல்கள் விறைத்து உள்பக்கம் மடங்கும், உதடு வெளுக்கும், "கண்ணு, எனக்கு உசுரு போவுது, அப்பனைக் கூப்புடு" என்பாள். நான் அப்பாவைக் கூப்பிட ஓடாமல் வெங்காயக் கூடையைத் தேடி ஓடுவேன், ஏனென்றால் நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா வருவதற்குள் எப்படியும் அது அடங்கிவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் அதுதான் கடைசித் தடவை.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "படபடப்பு". "அம்மாவுக்குப் படபடப்பு வந்துருச்சு" என்றால் பக்கத்து வீட்டு அக்கா விசிறியோடு வந்துவிடுவார். முதல் தடவை அது வந்தது பனியன் கம்பெனியில். தைத்து முடித்த பனியன்களில் தொங்கும் நூல் முனைகளைக் கத்தரியால் வெட்டி எடுப்பதை "பிசிறு வெட்டறது" என்பார்கள். அம்மா அந்த வேலைக்குப் போய்வந்தாள். கோடையில் ஒரு நாள் பகலில் கரண்டு போய், மெஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்று, ஜன்னல் இல்லாத அந்தக் கூடத்தில் இருட்டும் புழுக்கமுமாக இருந்தபோது, அம்மா எழுந்து கதவை நோக்கி ஓடிப் பாதி வழியில் விழுந்தாள். மாரடைப்பு என்று நினைத்துக் கட்டை வண்டியில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் குழாயை வைத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே, நல்லா இருக்கீங்க" என்றார். மாத்திரை கூடத் தரவில்லை.

அந்த "ஒண்ணுமில்லை"யை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை. உயிர் போகிற மாதிரி இருக்கிறது என்பவளிடம் ஒன்றுமில்லை என்றால் அவள் எங்கேதான் போவாள்? ஊரார் அவரவர் ஞானத்துக்குத் தக்கபடி வைத்தியம் சொன்னார்கள். மாரியம்மன் கோவில் பூசாரி வேப்பிலை அடித்துக் கறுப்புக் கயிறு கட்டினார். மாலைத் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஓதி ஊதித் தருவதற்காகப் பள்ளிவாசல் வாசலில் சொம்புத் தண்ணீரோடு நின்றவர்களின் வரிசையில் நானும் நின்றேன். அங்கே எங்களைப் போன்றவர்கள்தான் பாதிப்பேர். கடைசியில் அம்மாவின் கழுத்தில் கறுப்புக் கயிறும் தாயத்தும் கிறிஸ்தவ ஆஸ்பத்திரி நர்ஸம்மா தந்த சிறிய பதக்கமும் சண்டை சச்சரவில்லாமல் ஒன்றாகத் தொங்கின. படபடப்பு எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

கம்பெனி முதலாளியை எல்லோரும் "பாய்" என்றே அழைத்தோம். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். அம்மா வேலைக்கு வர அஞ்சுகிறாள் என்று தெரிந்ததும் அவரே சைக்கிளில் எங்கள் சந்துக்கு வந்து, வாசலிலேயே நின்று, "அம்மணி, நீங்க சிரமப்பட்டு வரவேண்டாமுங்க, துணி உங்க ஊட்டுக்கே வந்துரும்" என்றார். எங்கள் ஊரில் வேலையை வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்தான். பிள்ளை பெற்றவர்களுக்கும் கால் முடியாதவர்களுக்கும் அப்படி அனுப்புவார்கள். மறுநாளே தள்ளுவண்டியில் மூட்டை வந்து இறங்கியது. அப்பா கண் கலங்கிக் கை கூப்பினார். அம்மா அன்றைக்குச் சிரித்ததை நான் பார்த்தேன், வெகு நாளைக்குப் பிறகு.

வேறு ஊராக இருந்திருந்தால் வயிற்றுப்பாடே அவளைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கும். இங்கே வேலை வீடு தேடி வந்தது. கம்பெனிக்குப் போகவேண்டாம் என்றானதும், கூட்டமாக இருக்கிறது என்று சந்தைக்குப் போவதை அம்மா நிறுத்தினாள், அப்பா போனார். பிறகு கோவிலுக்கு, பிறகு மளிகைக் கடைக்கு. அங்கே நான் போனேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பது என் வேலையாயிற்று. அம்மா எதற்கெல்லாம் பயந்தாளோ அதையெல்லாம் அன்போடு அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டோம். உறவுக்காரர்கள் வந்தால், அம்மாவைப் பேர் சொல்லி, "பழனாத்தா ஊடு உண்டு அவ உண்டுன்னு இருக்கறா, தங்கமான பொம்பள" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். ஏன் வெளியே வருவதில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்தவர் மனம் நோகும்படி கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. அந்த மரியாதை நாசமாய்ப் போக என்று இந்த வயதில் எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவின் பிறந்த ஊர் உடுமலைப்பேட்டைக்குச் சற்று முன்னால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊர். அங்கே அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, வாதத்தில் படுத்திருந்தார். நோம்பி, பண்டிகை என்று எதற்கும் மகள் வராததால் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்று மாமா வந்து சொன்னார். "ஒருக்கா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ ஆத்தா. வேற ஒண்ணும் கேக்கல அவரு" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே கிளம்பினார். மாமாவிடம் அம்மா படபடப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. பஸ் ஏறப் பயம் என்று ஒரு பெரிய மனுஷி எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்?

அன்று சாயங்காலம் அம்மா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "வா கண்ணு, சந்து முக்கு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றாள். என் கையை அவள் பிடித்த பிடியில் விரல் எலும்பு வலித்தது. முக்கில் நின்றோம். படபடப்பு வந்தது. நான் வீட்டுப் பக்கம் இழுத்தேன், அம்மா வரவில்லை. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வியர்வை வழிய, "வந்துட்டுப் போவட்டும், வந்துட்டுப் போவட்டும்" என்று முணுமுணுத்தாள். கொஞ்ச நேரத்தில் அது நிஜமாகவே போயிற்று. மறுநாள் மளிகைக் கடை வரைக்கும் போனோம், அதற்கடுத்த நாட்களில் ரோட்டு வரைக்கும். அவள் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள்: அது வரும்போது நிற்கலாம், உட்காரலாம், அழக்கூடச் செய்யலாம், திரும்பி நடக்க மட்டும் கூடாது, அடங்கிய பிறகுதான் வீடு. யாரும் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. அப்பனைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு சொல்லிக் கொடுத்தது. ஒரு மாலை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், நிற்கிற பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்து, இறங்கிவிட்டோம். அம்மா எனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தந்தாள். அடுத்த வாரம் பல்லடம், அதற்கடுத்து உடுமலை என்று பேசிக்கொண்டே வந்தோம்.

அந்த அடுத்த வாரத்தில் தீபாவளி வேலை மும்முரமாகிவிட்டது. மூட்டை ஒன்றுக்குப் பதிலாக மூன்றும் நான்குமாக வந்து இறங்கின, படுக்கக்கூட இடமில்லாமல் வீடு முழுக்க வெள்ளைத் துணி. "சாயங்காலம் போலாம்மா" என்று நான் நச்சரித்தேன். "நமக்குச் சோறு போடற மனுசன் கண்ணு, இந்த நேரத்துல கைய விரிச்சா நல்லாருக்குமா? நோம்பி முடியட்டும்" என்றாள். பாய் வற்புறுத்தவே இல்லை. அவர் காட்டிய நல்ல மனசுக்கு முன்னால் முடியாது என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். வாரக்கணக்கில் அவள் வாசல்படி தாண்டவில்லை. தீபாவளி முடிந்து முக்கு வரைக்கும் போனபோது பழையபடி கம்பத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஆள் வந்தது. அப்புச்சிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, வந்தால் முகத்தைப் பார்க்கலாம் என்றார்கள். காலைப் பஸ்ஸில் மூவரும் ஏறினோம். கதவோரத்தில் உட்காருவோம் என்று அம்மா சொல்ல, கண்டக்டர் "உள்ள போங்கம்மணி, உள்ள போங்க" என்று நடுவே தள்ளிவிட்டார். முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நெருக்கி நின்றார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு "வந்துட்டுப் போவட்டும்" என்று ஆரம்பித்தாள். பிடித்துக்கொள்ள அங்கே கம்பம் இல்லை, என் தோள்தான் இருந்தது. பல்லடம் வந்தது. ஏற்கெனவே நிரம்பிய பஸ்ஸில் இன்னும் ஒரு கூட்டம் ஏறியபோது, "நிறுத்துங்க, என்னை எறக்கி உடுங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் கைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது.

இறங்கினோம். ரோட்டோரப் புளியமரத்தடியில் அம்மாவுக்கு அது அடங்குகிற வரைக்கும் அப்பா நின்றார். அடுத்த பஸ்ஸுக்கு அவர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனபோதும் அவள் படியைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கினாள். "நான் முன்னால போறேன் புள்ள, ஒருத்தராவது போவோணும். நீங்க அடுத்ததுல வந்துருங்க" என்று சொல்லிவிட்டு அப்பா அதில் ஏறிப் போனார். "அடுத்ததுல போயிரலாங் கண்ணு" என்று அம்மா என்னிடம் சொன்னாள். வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்தாள், புடவையைச் சரிசெய்தாள், கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தாள், பிறகு காலை எடுத்துவிட்டாள். ஒரு கண்டக்டர் பொறுமையாக, "ஏறுங்கம்மணி, எடம் பாத்துத் தாரேன்" என்றார். அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். பஸ் போய்விட்டது. வெயில் சாய்ந்தது.

பஸ்ஸில்தானே பயம், நடந்தே உடுமலைக்குப் போய்விடலாமே என்று நான் கேட்டேன். அம்மா தெற்கே போகிற ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "போயிச் சேர நாளைக்குக் காலம்பற ஆயிருங் கண்ணு. அதுவரைக்கும் உசுரு நிக்குமா?" என்று சொல்லி, திருப்பூர் பக்கமாகத் திரும்பினாள். நடந்து வந்தோம். வழியெல்லாம் காற்றும் வெட்டவெளியுமாக இருந்ததால் அம்மாவுக்கு ஒரு படபடப்பும் வரவில்லை. ஊர் அடங்குகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

அப்புச்சி மறுநாள் உச்சிப்பொழுது வரைக்கும் உயிரோடு இருந்தார். நடந்து போயிருந்தாலும் பார்த்திருக்கலாம். அப்பா இதை அம்மாவிடம் மறைத்துவிட நினைத்தார். ஆனால் துக்கம் சொல்ல வந்த ஆள் வாசலில் நின்று நேரத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டான். அங்கே மகள் வாய்க்கரிசி போட வருவாள் என்று வெகுநேரம் எடுக்காமல் வைத்திருந்தார்களாம். அம்மாவுக்குக் கடுங்காய்ச்சல் என்று அப்பா பொய் சொல்ல, "காச்சல்னா கட்டலோட தூக்கிட்டு வந்திருக்கலாமுங்களே மச்சான்" என்றாராம் மாமா. அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு நல்லது கெட்டது சொல்லி அனுப்பவில்லை. அம்மா சந்து முக்குக்குக்கூட மறுபடி வரவில்லை. நான் கூப்பிட்டபோது, "இனி யாரைப் பாக்கறதுக்குக் கண்ணு?" என்றாள். மூட்டைகள் வந்துகொண்டே இருந்தன.

இன்று அந்தச் சந்து இல்லை. அதன் மேல் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. பாயின் கம்பெனியும் இல்லை, கான்வாஸ் படுதா தொங்கிய அந்தப் பஸ்களும் இல்லை. பல்லடம் ரோட்டில் இப்போது நடந்தால் லாரிக்காரன் அடித்துவிட்டுப் போய்விடுவான். சில மாதங்களுக்கு முன்பு என் மருமகளுக்குக் கோயம்புத்தூரில் லிஃப்டுக்குள் அதே படபடப்பு வந்தது, அதே விறைத்த விரல், அதே வெளுத்த உதடு. கூட்டிக்கொண்டு போன இடத்தில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா அதற்கு ஒரு பெயர் சொன்னார். மாத்திரை இல்லாமலே பழகிப் பார்க்கலாம், பயப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போங்கள், அது வந்தால் திரும்பி ஓடாமல் அங்கேயே நில்லுங்கள், ஒரு நாள்கூட விட்டுவிடாதீர்கள் என்றார். பாதி வைத்தியத்தை அம்மா தானாகவே கண்டுபிடித்துவிட்டு, பனியன் மூட்டைக்காக அதை ஓரமாக வைத்துவிட்டாளே என்று அந்த நாற்காலியிலேயே எனக்கு அழுகை வந்தது.

டாக்டரம்மா நான் பயந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு என் கையைத் தட்டிக் கொடுத்து, "கவலைப்படாதீங்கம்மா, இதனால யாரும் சாகமாட்டாங்க" என்றார். உண்மைதான், என் அம்மா சாகவில்லை. அந்த ஒற்றை அறையில், அப்பாவும் போன பிறகுகூட, கிழவியாகித் தலை முழுக்க நரைக்கிற வரைக்கும், உயிரோடுதான் இருந்தாள்.