மீன் சந்தைக்கு எதிரே ஒரு நைட்டிக் கடை

துபாயில் பன்னிரண்டு வருடம் அடுத்தவன் கடையில் துணி மடித்தவன் நான். இனிமேல் அங்கே போவதில்லை, ஊரிலேயே ஒரு நைட்டிக் கடை போட்டு உட்கார்ந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். கடை ஓடாவிட்டால் மறுபடியும் விமானம்தான். இதை மனைவி ஒரே தடவைதான் சொன்னாள். எனக்குத்தான் தினமும் கேட்டது.

அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் அறையைக் காட்டினாள். சந்து மாதிரி இருந்தது. நான் மீன் சந்தைக்கு எதிரே காலியாகக் கிடந்த கடையைப் பிடித்தேன். சும்மா இல்லை, ஆராய்ச்சி செய்து. பக்கத்து டீக்கடையில் ஒரு வாரம் உட்கார்ந்து, சாயங்காலம் சந்தைக்கு வரும் பெண்களை எண்ணினேன். டீக்கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“ஓய், இந்த வயசுல பொம்பளையள எண்ணிக்கிட்டா இருக்கீரு?”

“கடைக்கு இடம் பாக்கேன்வே.”

“எல்லாவனும் அப்படித்தான் சொல்லுவான்.”

மானம் போனாலும் எண்ணிக்கை பிரமாதம். திறந்துவிட்டேன்.

கூட்டமும் வந்தது. நின்று பார்த்தது. ஒருவரும் படியேறவில்லை. பொறுக்காமல் ஓர் அக்காவை நானே கூப்பிட்டேன்.

“உள்ள வாங்கக்கா, புது டிசைன்.”

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். பையில் சாளை, விரலெல்லாம் செதில்.

“இந்தக் கையோட துணியத் தொட்டா நாறாதா தம்பி? மீனு வேற கெட்டுப் போவும். பொறவு வாறேன்.”

அந்தப் ‘பொறவு’ இரண்டு மாதமாக வரவில்லை. மீன் வாங்கியவள் வீட்டுக்கு ஓடத்தான் பார்ப்பாள் என்பது, மீன் இல்லாமல் சோறு இறங்காத எனக்குத் தெரியாமல் போயிற்று. வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தேன். கை கழுவிவிட்டு, “நல்லா இருப்ப” என்று வாழ்த்திவிட்டு பஸ் ஏறினார்கள். இதற்குள் வாடை உள்ளே வந்து அலமாரியில் குடியேறியிருந்தது. ஊதுபத்தி கொளுத்தினேன். நெத்திலி செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனது போல் ஆயிற்று.

ஒரு சனிக்கிழமை அதே அக்கா நிஜமாகவே படியேறி வந்தார். நான் பதறி எழுந்து ஸ்டூலைத் துடைத்தேன்.

“தம்பி, இந்த மீனக் கொஞ்சம் பாத்துக்கிடணும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருத்தன் புதுசா கடை தொறந்திருக்கான். ரெண்டு நைட்டி எடுத்துட்டு ஓடி வந்திருவேன்.”

எந்தக் கடை என்று கேட்டால், மனைவி காட்டிய அதே சந்து! அரைமணி நேரம் நான் பூனை விரட்டினேன்.

வீட்டில் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஆள எண்ணுனிய, சரி. அவ கையில என்ன இருக்குன்னு பாத்தியளா?”

இப்போது கடைக்கு வேறு இடம் அவள்தான் பார்க்கிறாள். நான் பின்னால் குடை பிடிக்கிறேன். நேற்று ஒரு கட்டிடச் சொந்தக்காரர், “இங்க நல்ல கூட்டம் வரும்” என்று ஆரம்பித்தார்.

“வெறுங்கையோட வருவாவளா?” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மனைவி மட்டும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஆனாலும், கடை படுத்த அன்றே அவள் மேசைமேல் எடுத்துவைத்த என் பாஸ்போர்ட்டை இன்னும் பீரோவுக்குள் வைக்கவில்லை.