வெறும் வயிற்றோடு வரவும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, முப்பத்தெட்டு பிள்ளைகளுக்குச் சமையல் கற்றுக்கொடுக்கப் போனேன். ஆமாம்... நான்தான். சிரிக்காதீர்கள்.

இந்தப் பத்தியில் எப்போதோ தக்காளிச் சட்னி பற்றி நாலு வரி எழுதிவிட்டேன். அன்றிலிருந்து ஊரில் நான் சமையல் நிபுணர். எங்கள் மகளிர் சங்கச் செயலாளர் ரத்னா போன் செய்தாள். விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரக் குடும்பம் அவளுடையது, என் பள்ளித்தோழி.

"ஏடி, நீதான் சரியான ஆளு. சும்மா வந்து கிண்டு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

எம். புதுப்பட்டி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து காலை உணவு சமைத்து, ஆரோக்கிய உணவு பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் – இதுதான் திட்டம். சமைத்ததைச் சேர்ந்து சாப்பிட வேண்டுமே? அதனால், 'வெறும் வயிற்றோடு வரவும்' என்று முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தோம்.

ஏழரைக்கே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அதற்கு முன்பே ஃப்ளெக்ஸ் பேனர் வந்துவிட்டது. அதில் சங்க நிர்வாகிகள் பதினோரு பேரும் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தோம். மூலையில் ஒரு கேரட்.

வராதவர் சிறப்பு விருந்தினர் மட்டும்தான். பட்டாசுக் கம்பெனி முதலாளி. சீசன் நேரம், லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறாராம். அவர் வந்து அடுப்பைப் பற்றவைத்தால்தானே போட்டோ? எட்டு மணி... எட்டரை...

மதுரையிலிருந்து வந்திருந்த டயட்டீஷியன் மைக்கைப் பிடித்தார்.

"காலை உணவை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப் போடக் கூடாது, குழந்தைகளே!"

யாரிடம் சொல்கிறார்? ஒரு மணி நேரமாக வெறும் வயிற்றில் உட்கார்ந்திருக்கும் முப்பத்தெட்டு பேரிடம்!

"சரி, காலையில அம்மா என்ன செஞ்சு தருவாங்க?"

இரண்டாவது வரிசையில் ஓர் இரட்டைச் சடை எழுந்தது. எட்டாம் வகுப்பு முத்துமாரி.

"எங்கம்மா ஆறு மணிக்கே கம்பெனி வேன்ல போயிருவாக டீச்சர். நான்தான் செய்வேன். எனக்கும் தம்பிக்கும்."

"நீயா? என்ன செய்வே?"

"மாவு இருந்தா தோச. இல்லேன்னா ரவ உப்புமா. ரவயும் இல்லேன்னா பழைய சோறு."

"வேற யார் வீட்ல இப்படி?" என்று டயட்டீஷியன் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார். கைகள் எழுந்தன. எழாத கைகளை எண்ணுவது சுலபமாக இருந்தது. அவர் மைக்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

விழிப்புணர்வு என்றால் என்ன? ஐந்து மணிக்கே எழுந்துவிட்டவர்களை, ஏழரைக்குப் பேனர் கட்டி எழுப்புவது.

அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு சிறுமி தலைசுற்றிச் சாய்ந்தாள். தலைமை ஆசிரியை சர்க்கரைத் தண்ணீரோடு ஓடினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ரத்னா, அடுப்பப் பத்த வை."

"முதலாளி இன்னும் வரலயேடி..."

"பத்த வைடி!"

வைத்தாள். நான் ஓட்ஸ் உப்புமா கிண்டினேன். ஐந்தே நிமிடத்தில் அது போஸ்டர் ஒட்டும் பசையானது. அடியும் பிடித்தது.

"அக்கா, கோவிச்சுக்கிறாதீக. கொஞ்சம் தள்ளிக்கோங்க."

முத்துமாரி. அடுப்பை அணைத்துச் சட்டியை இறக்கினாள். "ரவ இருக்கா டீச்சர்?"

ஸ்டோர் ரூமிலிருந்து ரவை வந்தது. நாலு பேர் வெங்காயம் நறுக்கினார்கள், இரண்டு பேர் ரவை வறுத்தார்கள். "ஏலே, தண்ணிய அளந்து ஊத்துலே... அம்புட்டையும் கவுத்துறாத!" என்றாள் முத்துமாரி. இருபது நிமிடத்தில் உப்புமா தயார். நிர்வாகிகள் பதினோரு பேரும் என்ன செய்தோம்? தட்டு கழுவினோம்.

முதல் தட்டு தலைசுற்றிய சிறுமிக்குப் போனது. முத்துமாரி எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

ஒன்பதரைக்கு முதலாளி வந்தார். காலி அடுப்பை மறுபடி பற்றவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "பிரமாதம்! பிள்ளைகளுக்கு நல்லா சொல்லிக் குடுத்திருக்கீக."

நான் மறுத்தேனா? இல்லை. 'சிறந்த பயிற்சியாளர்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது முத்துமாரியிடம் கேட்டேன். "உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?"

"எதுன்னாலும் சரிக்கா. வேற யாராச்சும் செஞ்சு குடுத்தா நல்லாருக்கும்."

காரில் விருதுநகர் நெருங்கும்போது ரத்னா கேட்டாள். "அடுத்த சனிக்கிழமை ஃப்ரீயாடி?"

போனோம். பேனர் இல்லை, மைக் இல்லை, முதலாளி இல்லை. ரத்னா வீட்டில் அவித்த இட்லி, நான் வைத்த சாம்பார். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறினோம். முத்துமாரி எழுந்து வந்து சாம்பார் வாளியைப் பிடித்தாள். "போய் உக்காரு!" என்று அதட்டினேன்.

உட்கார்ந்தாள். நிதானமாகச் சாப்பிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, சாம்பார்ல உப்பு கம்மி."

நான்காவது இட்லிக்குத் தட்டை நீட்டியபடிதான் சொன்னாள் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.