கரண்ட் போகாத நாளில் வந்த போன்

இன்று போடி பஜாரில் மளிகை வாங்கும்போது கரண்ட் போனது. பில் போடும் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் நெஞ்சு திடுக்கென்றது. எண்பதுகளில் வந்த பழக்கம்.

அப்போது ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மதுரையில், கம்ப்யூட்டரை இயக்கும் டாஸ் முறையை மட்டும் படித்திருந்தேன். திடீரென்று யூனிக்ஸ் என்ற வேறு முறையில் ஓடும் மெஷினை வாங்கிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த கட்டளை எதுவும் அதற்குப் புரியவில்லை.

டாஸ் என்றால் சுவிட்சைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். யூனிக்ஸை முறைப்படி நிறுத்த வேண்டும். நடுவில் கரண்ட் போனால் ஃபைல்கள் கெட்டுவிடும். இரண்டாம் முறை கெட்டபோது அழுதேவிட்டேன்.

பிறகு கரண்ட் ஆபீசுக்குப் போன் செய்து, லைனை நிறுத்தும் முன் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். போனை எடுத்தவர் ஒப்புக்கொண்டார். சொன்னபடி ஒவ்வொரு முறையும் கூப்பிட்டார்.

"குரங்கணிப் பக்கம் மழை பிடிச்சிருச்சுங்க. லைனை நிறுத்தப் போறோம், வெரசா சோலிய முடிங்க."

ஒருநாள் அப்படி போன் வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. நானே திரும்பக் கூப்பிட்டேன்.

"என்னண்ணே, கரண்ட் போகவே இல்லயே?"

"இன்னைக்குப் போகாதுங்க. ஒரு வாரமா கட்டே இல்ல. உங்க குரலைக் கேக்க வேற சாக்கு கிடைக்கல." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம், அண்ணேன்னு மட்டும் கூப்பிடாதீங்க."

அன்று மெஷினை மறுபடி போட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான் என்ன எழுதுகிறேன் என்று படிக்க வேண்டுமாம்.

உங்கள் வீட்டுக்காரர் என்ன பொய் சொல்லி வந்து சேர்ந்தார்?