ரேடியேட்டரில் ஊற்றிய கஞ்சி

பிள்ளையார்பாளையத்தில் தறியை உதறிவிட்டு மோட்டார் ஓட்டப் போனவன் தணிகாசலம் ஒருத்தன்தான். "தறிக்குழியில கால வெச்சி ஒழுங்காக் குந்தத் தெரியாதவன், ரோட்டுல என்னத்தக் கிழிக்கப் போறான்?" என்று அண்ணன் கலியாணசுந்தரம் தெருவே கேட்கும்படி கத்தினான். இவன் அசரவில்லை. பட்டணத்துப் பட்டறையில் மூன்று வருஷம் எண்ணெயில் புரண்டு வேலை கற்றுக்கொண்டு, சின்ன காஞ்சிபுரம் வக்கீல் பூவராகவ ஐயங்காரிடம் டிரைவராகச் சேர்ந்தான். பதினோரு வருஷம் ஓட்டியாயிற்று. அண்ணன் வாயை அடைத்தாயிற்று என்று அவனுக்கு ஒரே கர்வம்.

முப்பத்துநாலாம் வருஷம் வைகாசி கருடசேவைக்கு ஐயங்கார் வீட்டில் விருந்தாளிக் கூட்டம். ரயிலடிக்கும் வீட்டுக்கும் ஓயாத ஓட்டம். வண்டியோ கிழடு. ரேடியேட்டரில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து தண்ணீர் சொட்டியது. பட்டணம் கொண்டுபோய்ப் பற்றவைக்க நேரமேது? நெசவாளி வீட்டு மூளை அப்போதுதானா வேலை செய்ய வேண்டும்! பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடுகிற அரிசிக் கஞ்சி, இந்த ஓட்டையை அடைக்காதா? வீட்டிலிருந்து ஒரு செம்பு கொண்டுவந்து ஊற்றினான். சொட்டு நின்றது. மூன்று நாள் அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. "வெள்ளக்காரனே எங்கிட்ட வந்து கத்துக்கணும்" என்று பெண்டாட்டி அம்சாவிடம் பீற்றிக்கொண்டான்.

நாலாம் நாள் ஐயம்பேட்டை தாண்டியதும் வண்டி புஸ்ஸென்று ஆவி கக்கி நின்றது. ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றி, எப்படியோ ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

மறுநாள் காலையில் இஞ்சின் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினான். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், பால் கலந்த காப்பி போல இருந்தது. ஒரு சொட்டைப் பழுக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியில் விட்டான். படபடவென்று வெடித்துத் தெறித்தது. தண்ணீர்தான், சந்தேகமே இல்லை. இஞ்சின் மேல்மூடிக்கு அடியில் இருக்கிற கேஸ்கட் தகடு கருகியிருந்தால் பிழைத்தான், புதிதாகப் போட்டுவிடலாம். இஞ்சின் இரும்பே விரிசல் விட்டிருந்தால் வண்டி செத்தது. வண்டி செத்தால் வேலையும் போயிற்று, அப்புறம் அண்ணன் காலடிதான்.

"ஆண்டவனே, கேஸ்கட்டாவே இருக்கட்டும்" என்று முனகிக்கொண்டே மூடியைக் கழற்றினான். கேஸ்கட் குத்துக்கல் மாதிரி நன்றாக இருந்தது. அதைப் பார்த்துக் கண்கலங்கினான். சிலிண்டர்களைத் துடைத்து உலர்த்தினான். மடியிலிருந்த விபூதிப் பையைப் பிரித்து, உட்சுவர்களில் திருநீற்றைத் தடவினான். சுற்றியுள்ள நீர்வழியில் தண்ணீரை நிரப்பிவிட்டுக் காத்திருந்தான். மூன்றாவது சிலிண்டரில், வெள்ளைச் சாம்பல்மேல் தலைமயிர் கனத்துக்கு ஒரு ஈரக்கோடு இறங்கியது.

நீர்வழித் துளையில் விரலை விட்டான். தீய்ந்த கஞ்சிக்கட்டி கையோடு வந்தது. தண்ணீர் ஓட வழியில்லாமல் இரும்பு காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது. யார் செய்த வேலை? இவனேதான், பாவி!

கோர்ட்டுக்குக் கிளம்பிய ஐயங்கார் எட்டிப் பார்த்தார். "என்ன தணிகாசலம், பிழைக்குமோ?"

"இரும்பு விரிசல் உட்டுக்கினு இருக்குது சாமி. வண்டிக்கி வயசாயிடுச்சில்ல, அதான்." கஞ்சிக்கட்டியைக் கைக்குள் பொத்திக்கொண்டான்.

"போறது, விடு. நீ இருந்ததாலதான் இத்தனை நாள் ஓடித்து. புது வண்டி வாங்கணும். எது நன்னாயிருக்குன்னு நீயே பட்டணம் போய்ப் பார்த்துச் சொல்லு. உன்னை விட்டா நான் யாரை நம்பறது?"

தப்பித்தான். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கையை விரித்துக் காட்டிவிட்டான்.

"நான்தான் கெடுத்தேன் சாமி. ஓட்டைய அடைக்கப் பாவுக் கஞ்சிய ஊத்திட்டேன்" என்று ஓவென்று அழுதான்.

ஐயங்கார் அந்தக் கஞ்சிக்கட்டியைக் குனிந்து பார்த்தார்.

"தெரியாம ஊத்தினே, அதை மன்னிச்சுடலாம். தெரிஞ்சப்புறமும் வயசாயிடுத்துன்னு சொன்னியே! அடுத்த வண்டியில என் பேரன் பேத்தியெல்லாம் ஏறணும், தணிகாசலம்." ஷெட்டுச் சாவிக்காகக் கையை நீட்டினார்.

சாவியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அவர் கையில் அழுக்குப் படக்கூடாதே என்று, வேட்டி முனையில் துடைத்துத் துடைத்துக் கொடுத்தான்.